விலாசம் உள்ள சத்தம்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இரைச்சலும் காவலும்

மாதவரம் நெடுஞ்சாலையையொட்டிய கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஜெபக்கூடம் இருந்தது. டிரம், கிதார், ஒலிபெருக்கி என்று எல்லாம் வைத்து ஆராதனை நடந்தது. பக்கத்து மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம் 1996 மே மாதம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதியது. வாரியம் அதைச் செங்கை எம்.ஜி.ஆர். கிழக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பியது. மறுமாதம் கூடத்தைச் சுற்றி ஒலியளவு எடுத்து அந்த அறிக்கையையும் கூடவே சேர்த்தது. அறிக்கை சொன்னதோ வேறு கதை: அங்கே இரைச்சலுக்குக் காரணம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகள்.

மாதவரம் அப்போது சென்னை மாவட்டத்தில் இல்லை. 1997 ஜனவரி 1 அன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் அமைத்தபோது அதில் சேர்ந்தது. 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்குப் போனது. இந்தப் புகாரிலிருந்து பிறந்து, இந்திய நீதிமன்றங்களில் இரைச்சல் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் 'சர்ச் ஆஃப் காட்' வழக்கு, ஊர்க் கணக்குப்படி ஒரு திருவள்ளூர் வழக்குதான். சங்கம் 1998இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. வண்டிகளின் சத்தத்தையும் குறைக்க வேண்டும், சபையின் ஒலிபெருக்கியையும் தணித்து வைக்கச் செய்ய வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவானது. சபை மேல்முறையீடு செய்தது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை; முதியவர், நோயாளி, படிக்கிற பிள்ளை, கைக்குழந்தை ஆகியோருக்கும் உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு மேற்கோளாகி நாடெங்கும் பரவியது. ஒலியளவு அறிக்கை வழக்குக் கட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆனால் இரைச்சலைக் காவல்துறை எப்படிக் கையாள்கிறது என்பதற்கு அந்த அறிக்கையே நல்ல திறவுகோல். ஒரு தெருவில் எந்தச் சத்தம் பெரியது என்பது ஒரு கேள்வி. யாரைக் கூப்பிட்டுக் கேட்க முடியும் என்பது இன்னொரு கேள்வி. சபைக்குப் பெயர் உண்டு, கதவு உண்டு, கூப்பிட்டால் வந்து நிற்கப் பொறுப்பாளர் உண்டு. நெடுஞ்சாலைக்கு இது ஒன்றும் கிடையாது. ஆகவே புகார் சபையின் மேல் வந்தது. உயர்நீதிமன்றம் சாலையையும் உத்தரவில் சேர்த்த பிறகும் வழக்கின் பெயரில் நிலைத்தது சபைதான். விலாசம் உள்ள சத்தத்தைத்தான் காவல் பிடிக்கிறது. திருவிழா, கல்யாணம், சாவு ஊர்வலம், நடுத்தெருப் பிறந்தநாள், தொழிற்பேட்டை உலை என்று எதை எடுத்தாலும் இந்தக் கோணல் கூடவே வருகிறது.

சத்தத்துக்கு எதிரான சட்டம் வெகுகாலம் 'பொதுத்தொல்லை' என்ற பழைய சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 290ஆம் பிரிவு அதற்கு விதித்த அபராதம் 200 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நிற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவு அதை 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறது. இடையில் 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டு, சத்தமும் காற்று மாசுதான் என்றானது. 1989இல் பகுதிவாரியாக டெசிபல் அளவுகள் வந்தன. மாதவரத்தில் வாரியம் கருவியோடு போய் நின்றது அந்த அளவுகளை நம்பித்தான்.

இன்று கையில் இருக்கும் முதன்மையான கருவி 2000 பிப்ரவரி 14 அன்று வெளியான ஒலி மாசு விதிகள். காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே 50, 40. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10க்கு மேல் மூடிய மண்டபத்துக்குள் தவிர எங்கும் ஒலிபெருக்கியோ வாத்தியமோ கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் மட்டும் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம் என்ற திருத்தம் 2002இல் வந்தது. அதை எதிர்த்த வழக்கில் 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தளர்வை ஏற்றுக்கொண்டது.

இந்த அளவுகளைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் தெரியும். சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், ஆந்திர எல்லைக்கு முன்னால் இருக்கிற ஊர். 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனத்தின் பழைய வளாகங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. இரும்பு உருக்காலைகள், வார்ப்படச் சாலைகள், வேதித் தொழிற்சாலைகள், வாகன உதிரிபாகக் கூடங்கள். இன்னும் மேற்கே தேர்வாய்கண்டிகை வளாகம். ஊர்கள் இந்த வளாகங்களுக்கு முன்பே இருந்தவை. வேலி முடிகிற இடத்தில் தெரு தொடங்குகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் இரவில் 70 டெசிபல் சட்டப்படி சரி. அந்தப் பக்கம் 45. சத்தத்துக்கு வேலி தெரியாது. கலப்புப் பகுதிகளை நான்கு வகையில் எதிலாவது ஒன்றில் சேர்த்து அறிவிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. எந்த வகையில் சேர்த்தாலும் யாராவது ஒருவருக்கு அது பொருந்தாது.

கடிகாரமும் பொருந்தவில்லை. உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளுக்குத் தமிழ்நாட்டில் உச்சநேரப் பயன்பாட்டுக்கு 25 விழுக்காடு கூடுதல் கட்டணம். இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி. உருக்கு உலைக்கு மின்சாரமே பெரிய செலவு என்பதால், உலையை இரவில் ஓட்டுவதுதான் கணக்குக்கு உகந்தது. ஒலி மாசு விதிகள் ஊர் தூங்கட்டும் என்று ஒதுக்கிய அதே நேரத்தை மின்கட்டணப் பட்டியல் வேலை செய்யச் சொல்லிக் கொடுக்கிறது. இரண்டும் அரசு ஆணைகள்தான். ஒன்றை எழுதியவருக்கு மற்றதைப் பற்றிய நினைப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் அறைக்கு வரும் தொழிலாளிக்குப் பகல்தான் இரவு. அவர் தூங்கும் நேரத்தில் குடியிருப்புப் பகுதிக்கு 55, தொழிற்பகுதிக்கு 75. காலை பத்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி பாடினால் அது அனுமதிக்கப்பட்ட நேரம். அவரிடம் புகாருக்கு ஆதாரம் கிடையாது. விதிகளின் 'இரவு' என்பது பகலில் உழைத்து இரவில் உறங்கும் ஊரை மனத்தில் வைத்து எழுதியது. மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில் எந்த நேரமும் யாரோ ஒருவருக்கு நடுநிசி.

டெசிபல் என்ற அளவையும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தகராறுகளில் பாதி அதிலிருந்து கிளம்புகிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒலிபெருக்கியிலிருந்து 20 மீட்டரில் 95 டெசிபல் என்றால் 40 மீட்டரில் 89, 80இல் 83, 160இல் 77, 320 மீட்டரில் 71. கால் கிலோமீட்டருக்கு அப்பாலும் குடியிருப்பின் இரவு அளவைவிட 26 டெசிபல் அதிகம். தெரு முனையில் பாட்டுப் போட்டால் ஊர் முழுக்கப் போட்டது மாதிரிதான்.

இன்னொரு நுட்பம் கருவிக்குள் இருக்கிறது. விதிகள் சொல்லும் அளவு மனிதக் காதுக்கு ஏற்பத் திருத்திய அளவு. தாழ்ந்த சுருதிகளை அது கழித்துக்கொள்கிறது. 63 ஹெர்ட்ஸில் இந்தக் கழிவு 26 டெசிபல். டி.ஜே. பெட்டிகளின் 'பேஸ்' அடிப்பது இந்தப் பகுதியில்தான். சுவரையும் ஜன்னலையும் கடந்து நெஞ்சில் அடிக்கிற அந்த அதிர்வு கருவியில் அடக்கமாகத் தெரியும். "மீட்டர்ல நார்மலா காட்டுதே" என்று மைக்செட்காரர் சொல்வதும், "கட்டிலே ஆடுது சார்" என்று புகார்தாரர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. அளவு நேர சராசரியாக எடுக்கப்படுகிறது. உருக்காலையில் காந்தக் கிரேன் பழைய இரும்பை உயரத்திலிருந்து கொட்டும் சத்தம், சாவு ஊர்வலத்தின் வெடி போன்ற நொடிநேர ஓசைகள் சராசரியில் கரைந்துவிடும். தூங்கியவரோ ஏற்கெனவே எழுந்துவிட்டிருப்பார்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய தேசிய இரைச்சல் கண்காணிப்பு வலையில் ஏழு பெருநகரங்கள் இருக்கின்றன. சென்னையில் பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, சவுக்கார்பேட்டை போன்ற இடங்களில் கருவிகள் இருபத்துநாலு மணி நேரமும் அளக்கின்றன. அந்த வலை நகர எல்லையோடு நிற்கிறது.

சத்தம் போடுகிறவரைத் தடுக்க யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்கு விதிகள் தெளிவாகவே விடை சொல்கின்றன: மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட, துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரி. இரவு பதினொன்றரைக்கு 100க்கு அழைத்தால் வருவது இவர்களில் ஒருவர் அல்ல. ரோந்து வண்டியில் ஒரு எஸ்.ஐ.யோ தலைமைக் காவலரோ வருவார். அவரிடம் ஒலியளவி இருக்காது. அவர் செய்யக்கூடியது மூன்று. பேசி நிறுத்தச் சொல்லலாம். ஆம்ப்ளிபயரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் நிலையத்துக்கு வரச் சொல்லி, புகார்தாரருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, பெட்டி கேஸ் போடலாம். பெரும்பாலும் முதலாவதிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது நடக்கும்போது இழப்பு விழாக்குழுவுக்கு அல்ல, மைக்செட்காரருக்கு. வாடகைக்குக் கொண்டுவந்தவர் அவர். பெட்டியின் மேல் கடைப் பெயரும் கைபேசி எண்ணும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். விலாசம் அவருடையது.

பகுதியைப் பொறுத்துக் காவல் அமைப்பும் மாறுகிறது. 2022 ஜனவரி 1 அன்று சென்னைப் பெருநகரக் காவல் மூன்றாகப் பிரிந்து ஆவடி, தாம்பரம் ஆணையரகங்கள் வந்தன. அம்பத்தூர், செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர் ஆகியவை ஆவடி ஆணையரின் கீழ். மீஞ்சூர் வழியாகப் போகும் ரயில் தடத்தில் இன்னும் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. அது திருவள்ளூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ். ஆணையரகத்தில் அனுமதியும் தடையும் காவல் ஆணையரிடமே இருக்கின்றன. மாவட்டத்தில் காவல்துறை கோப்பை நகர்த்த, நிர்வாக நடுவரின் உத்தரவு வருவாய்த்துறையிடமிருந்து வரவேண்டும். தொடர்ந்து இரைச்சல் போடும் ஆலையையோ பட்டறையையோ தடுக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, அதாவது பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133, பயன்படும். கும்மிடிப்பூண்டி வட்டத்துக்கு அந்தக் கோப்பு பொன்னேரி கோட்டத்துக்குப் போகும். நிபந்தனை உத்தரவு, விளக்கம், விசாரணை என்று நடந்து முடிய மாதங்கள் ஆகலாம். ஓர் இரவுக் கச்சேரிக்கு இது உதவாது; ஓர் உலைக்கு உதவும்.

தண்டனைப் பக்கமும் நெளிவுசுளிவு கொண்டது. அனுமதியை மீறியவர்மேல் காவல்துறை வழக்கமாக எடுத்த ஆயுதம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188, அதாவது அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல். 2018 செப்டம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இந்தப் பிரிவில் காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது; உத்தரவிட்ட அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முழுதாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தீபாவளி வந்தது. உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே கொடுத்திருந்தது. தமிழ்நாடு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. தீர்ப்புக்குப் பின்னும் அந்த ஆண்டு நேரத்தை மீறியதாக மாநிலம் முழுக்க இரண்டாயிரத்துக்கு மேல் வழக்குகள் பதிவாயின. ஒலி மாசு விதிகளை மீறினால் பாயக்கூடிய சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ முன்பு ஐந்தாண்டுச் சிறை வரை போகக்கூடியதாக இருந்தது. ஜன் விஸ்வாஸ் சட்டத்தின்படி 2024 ஏப்ரல் முதல் சிறை நீங்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத் தொகை வந்திருக்கிறது. அதை விதிப்பவர் தீர்வு அதிகாரி, நீதிபதி அல்ல. ஆலைகளுக்கு இது பொருந்தலாம். தெருமுனைப் பாட்டுக்காக அந்த வழியில் போவது, கொசுவை அடிக்கக் கோடாலி தேடுவது.

இனி விழாக்கள். ஆடி மாதம் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்கு ஞாயிறுதோறும் வண்டி வண்டியாகக் கூட்டம் வரும், வழியெல்லாம் மேளம். சின்னம்பேடு சிறுவாபுரி முருகனுக்குச் செவ்வாய்க்கிழமை. ஊருக்கு ஊர் கூழ் வார்த்தல், தீமிதி. இவற்றில் பகல் சத்தத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிக்கல் இரவில், அதிலும் தெருக்கூத்தில். தொண்டைமண்டலத்தில் திரௌபதியம்மன் விழாக்களில் பாரதக் கூத்து இரவு பத்து மணிவாக்கில் களைகட்டி விடியலில் முடியும். விதிகள் ஒலிபெருக்கியை மட்டும் தடுக்கவில்லை. இரவில் திறந்தவெளியில் இசைக்கருவியையும் தடுக்கின்றன. எழுத்துப்படி பார்த்தால் முகவீணையும் மிருதங்கமும்கூட 10 மணிக்கு நிற்க வேண்டும். 15 நாள் தளர்வோ நள்ளிரவோடு முடிகிறது. திரைகட்டிக் கட்டியங்காரன் வந்துபோன சூட்டோடு கூத்தை முடித்துக்கொள்ள முடியாது. நடைமுறையில் காவல் நிலையங்கள் கூத்துக்குக் கண்ணை மூடிக்கொள்கின்றன. யாரும் புகார் கொடுக்காதவரை. சட்டப்படி குற்றமாகவும் ஊர்ப்படி வழக்கமாகவும் ஒரு கலை இப்படி நிலையத்தின் நல்லெண்ணத்தில் உயிர்வாழ்வது கலைக்கும் நல்லதல்ல, நிலையத்துக்கும் நல்லதல்ல. எந்த எஸ்.ஐ. மாற்றலாகி வருவார் என்பதில் கூத்தின் நேரம் தொங்குகிறது.

ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு வேறு வரலாறு. அனுமதி மறுப்பு, உயர்நீதிமன்ற மனு, நிபந்தனையோடு அனுமதி என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கு நடந்து சலித்த பிறகு, மனுவுக்கு ஏழு நாளில் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று நீதிமன்றம் வழிவகுத்தது. விநாயகர் சதுர்த்திக்கு 2018 ஆகஸ்டில் வந்த அரசாணை இன்னும் நுணுக்கமானது: சிலை பத்தடிக்கு மேல் கூடாது, பெட்டி வடிவ ஒலிபெருக்கி மட்டும், அதுவும் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு மணி நேரம். கூம்பு ஒலிபெருக்கியை ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது; குழாய் சத்தத்தை ஒரே திசையில் குவித்து வெகுதூரம் எறியும். ஆனால் பெட்டிகளை வரிசையாக அடுக்கினால் அந்த வேறுபாடு காற்றில் போய்விடும். அடுக்குவதற்கு எல்லை எந்த ஆணையிலும் தெளிவாக இல்லை.

சாவு ஊர்வலத்துக்கு முன்அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை; சாவு ஏழு நாள் அவகாசம் தருவதில்லை. பறையும் பேண்டும் வெடியும் பூவுமாகச் சாலையை அடைத்துப் போகும் ஊர்வலத்தைப் பார்த்தால் காவலர் முன்னால் போய் வண்டிகளை ஒதுக்கிவிடுவார். இங்கே காவல்துறை செய்வது சத்தத்தைக் குறைப்பது அல்ல, சத்தத்துக்கு வழிவிடுவது. எல்லாவற்றையும் எழுதிவைத்த விதிகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது என்றாலும், இந்த ஏற்பாட்டில்தான் குறைந்த சச்சரவு.

அனுமதியற்ற தெருக்கொண்டாட்டத்தை அதிகாரிகள் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது பிறந்தநாள் கொண்டாட்டங்களிலிருந்து. 2018 பிப்ரவரி 6 இரவு பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில், லாரி ஷெட் ஒன்றில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழா நடந்தது. சென்னைக் காவல்துறை சுற்றிவளைத்து 70க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. கேக் வெட்டியது அரிவாளால். அதன் பிறகு பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போடுவது ரவுடியல்லாத பையன்களுக்கும் ஒரு மோஸ்தராகிவிட்டது. நடுச்சாலையில் பைக்கின் மேல் கேக், நாலு பெட்டிப் பாட்டு, கையில் கத்தி. இதில் யாரும் புகார் கொடுக்க வேண்டியதே இல்லை. வீடியோ தானே வந்து நிலையத்தில் சரணடைகிறது. தன் விலாசத்தைத் தானே விளம்பரப்படுத்தும் சத்தம் இது.

கல்லூரி மாணவர்களின் பஸ் டே இதைவிடப் பழைய வழக்கம். ஒரு தடத்துப் பேருந்துக்கு மாலை போட்டு, கூரையில் ஏறி, பறையடித்துப் பாட்டுப் பாடிக் கல்லூரிவரை ஊர்வலமாகப் போவது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மரியாதை செய்யும் நாளாக இருந்தது, பிறகு கல்லெறியும் மறியலுமாக மாறியது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2019 ஜூன் 17 அன்று கல்லூரி திறந்த நாளில் தடையை மீறி நடந்த ஊர்வலத்தில், ஓட்டுநர் பிரேக் போட்டதும் கூரையிலிருந்த மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. கும்மிடிப்பூண்டி, திருத்தணி தடங்களில் இதன் மறுவடிவம் புறநகர் ரயிலில் இருக்கிறது. பெட்டியைத் தட்டித் தாளம் போட்டு கானா பாடும் குழுவுக்கு 'ரூட்டு தல' என்று ஒரு தலைவர். இன்னொரு கல்லூரிக் குழு அடுத்த பெட்டியில்; போட்டி மோதலாவது எளிது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் நிலையம் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாளில் உயிரிழந்தார். ரயில்வே காவலர்கள் தடங்களில் நின்று பைகளைச் சோதிப்பது பாட்டை நிறுத்த அல்ல. ஆனால் பாட்டு எங்கே கேட்கிறதோ அங்கேதான் சோதனை. பாடிக்கொண்டு மட்டும் போகும் பையனுக்கு இது நியாயமாகப் படாது.

பிரிட்டனில் இதே கேள்வி வேறு வடிவத்தில் எழுந்தது. 1992 மே மாதம் வூஸ்டர்ஷயர் வட்டாரத்தின் காஸல்மார்ட்டன் பொதுநிலத்தில் அனுமதியின்றி 20,000 பேருக்கு மேல் கூடி ஒரு வாரம் நடனமாடினார்கள். அதன் விளைவாக வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் 100 பேருக்கு மேல் கூடும் இரவு இசைக்கூட்டத்தைக் கலைக்கவும் ஒலிக்கருவிகளைப் பறிக்கவும் காவலுக்கு அதிகாரம் கொடுத்தது. 2003இல் 100 என்பது 20 ஆனது. இசை என்றால் என்ன என்று விளக்கப் புகுந்த சட்டம், திரும்பத் திரும்ப வரும் தாளமும் அதில் அடங்கும் என்று எழுதி, வெகுகாலம் கேலிக்கு ஆளானது. கவனிக்க வேண்டியது வேறு. அன்றாட வீட்டு இரைச்சல் அங்கே காவல்துறையின் வேலை அல்ல. நகராட்சியின் சுகாதாரப் பிரிவு கருவியோடு வந்து அளந்து நோட்டீஸ் கொடுக்கும். கூட்டம் காவலுக்கு, சத்தம் உள்ளாட்சிக்கு. இங்கே இரண்டும் ஒரே ரோந்து வண்டியின் தலையில்.

மும்பை உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு வழிபாட்டுத்தல ஒலிபெருக்கி வழக்கில் படிப்படியான முறை ஒன்றைச் சொன்னது: முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம், பிறகு பறிமுதல், கடைசியில் உரிம ரத்து, புகார்தாரர் யார் என்று வெளியே தெரியக்கூடாது. கடைசி நிபந்தனைதான் திருவள்ளூர் போன்ற மாவட்டத்துக்கு முக்கியமானது. ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அம்மன் கோயில் பாட்டின் மேல் புகார் கொடுத்தவர் பெயர் விடியுமுன் தெருவுக்குத் தெரிந்தால், அடுத்த ஆண்டு அவர் வரி கேட்டு வருபவர்களிடம் முகம் கொடுக்க முடியாது. சாதி வேறு சேர்ந்துகொண்டால் பேச்சே வேறு. அதனால் புகார் மேலிருந்து கீழாகப் போவது எளிது, கீழிருந்து மேலாக வருவது அரிது. பிற மாநிலத் தொழிலாளர் தங்கும் அறைகளில் ஞாயிறு மாலை போஜ்புரிப் பாட்டு உரக்கக் கேட்டால் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போதும். அதே தொழிலாளி பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் டி.ஜே. மேல் புகார் எழுத வேண்டுமானால் மொழி, முகவரி, தைரியம் மூன்றும் வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சத்தம், மாதவரத்தில் போலவே, இன்னமும் சாலைதான். கல்கத்தா நெடுஞ்சாலை, ஊர்க்காரர் வாயில் ஜி.என்.டி. ரோடு, செங்குன்றத்திலிருந்து காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாக எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆந்திரத்துக்குப் போகிறது. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களின் கன்டெய்னர் லாரிகள் இரவில்தான் அதிகம். சட்டம் இதை மறந்துவிடவில்லை. 2010 திருத்தத்தில் சேர்ந்த விதி 5அ, குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் அவசரத் தேவையின்றி ஹாரன் அடிப்பதைத் தடுக்கிறது. மோட்டார் வாகன விதிகள் பல சுருதி ஹாரனை எப்போதோ தடைசெய்துவிட்டன. 2019இல் வந்த 194எஃப் பிரிவு தேவையற்ற ஹாரனுக்கு முதல்முறை 1,000 ரூபாய், அடுத்தடுத்து 2,000 ரூபாய் என்கிறது. ஏர்ஹாரனைப் பிடுங்கிச் சாலையில் போட்டு நசுக்கும் படங்கள் அவ்வப்போது பத்திரிகையில் வரும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஹாரன் அடித்த லாரி, தூங்கியவர் எழுந்து ஜன்னலைத் திறப்பதற்குள் அடுத்த மேம்பாலத்தில் இருக்கும். எண் தெரியாது. தெரிந்தாலும் புகாருக்குச் சான்று அந்த ஒரு நொடிச் சத்தம்தான், அது ஏற்கெனவே போய்விட்டது.

மாதவரம் நெடுஞ்சாலையில் இப்போது மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. மாதவரம் பால் பண்ணையிலிருந்து சிறுசேரி சிப்காட் வரை செல்லும் தடம் தபால்பெட்டி, முராரி மருத்துவமனை, மூலக்கடை வழியாக அந்தச் சாலையின் அடியில் போகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரம் கட்டுமான இயந்திரங்களை ஓட்டக்கூடாது என்பதும் அதே 5அ விதியில்தான் இருக்கிறது.